மேகம் வந்த வழி

2012ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தின் 9 இடங்களில் நாள்தோறும் மழைநீரைப் பிடித்துப் பத்திரப்படுத்தினார்கள். பருவம் முடிந்தபோது ஏறத்தாழ 650 மாதிரிகள் சேர்ந்திருந்தன. ஓர் ஊரில் கொட்டித் தீர்த்த நாளில் பக்கத்து ஊரில் தூறல்கூட இருக்காது என்பது நமக்குத் தெரிந்த மழைக் குணம். அங்கும் அப்படித்தான். ஓர் இடத்தின் மழையளவை வைத்து இன்னோர் இடத்தின் மழையளவைச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நீரில் இருந்த ஆக்ஸிஜனை அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் அளந்தபோது கதை வேறாக இருந்தது. நீரின் கனம் குறைந்த நாட்களில் 9 இடங்களிலும் சேர்ந்தாற்போலக் குறைந்தது. கூடிய நாட்களில் சேர்ந்தே கூடியது.

ரெங்கசாமி ரமேஷும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட இந்த முடிவு, பருவமழை ஆய்வில் அரை நூற்றாண்டாக ஊறிப்போன ஒரு நம்பிக்கையை உரசிப் பார்த்தது. மழைநீரின் கனம், அங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதைச் சொல்லும் என்பதே அந்த நம்பிக்கை. கேரளத்து நீர் சொன்னது, பெய்த அளவைப் பற்றி அல்ல. பெய்வதற்கு முன் அந்த ஈரம் எந்த வழியில், எந்தெந்த மேகங்களுக்குள் புகுந்து வந்தது என்பதைப் பற்றி.

முதலில் இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நீர் மூலக்கூறில் ஆக்ஸிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. ஆக்ஸிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை நிறை எண் 16 கொண்டவை. ஏறத்தாழ 500க்கு ஒன்று 18. ஹைட்ரஜனிலும் அப்படி ஒரு கனமான வகை உண்டு, டியூட்டீரியம். அது 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஹெரால்டு யூரி 1931இல் அதைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் பரிசு பெற்றார். கனநீர் என்றதும் தூத்துக்குடி ஆலையும் அணு உலைகளும் நினைவுக்கு வரலாம். கனநீர் ஆலைகளில் அதை அரும்பாடுபட்டுச் செறிவாக்கி எடுக்கிறார்கள். நாம் பேசுவது, குழாய்நீர் முதல் கண்ணீர் வரை எல்லாவற்றிலும் இயல்பாகவே கலந்திருக்கும் மிகச் சிறிய பங்கு. இந்த ஐசோடோப்புகள் கதிரியக்கம் அற்றவை. காலத்தால் சிதைவதில்லை. அதனால்தான் ‘நிலையான’ என்ற அடைமொழி.

வேதியியல் நடத்தையில் கனமான மூலக்கூறும் இலேசான மூலக்கூறும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு தெரிவது ஆவியாகும்போதும் குளிர்ந்து நீராகும்போதும். கனமானது நீரை விட்டுக் கிளம்பச் சற்றே தயங்கும். ஆவியிலிருந்து திரும்பவும் நீராகச் சற்றே முந்தும். அந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்றால், 25 பாகைச் செல்சியஸில் ஆக்ஸிஜன்-18க்கு ஆயிரத்தில் 9 சொச்சம். இவ்வளவு நுண்ணிய மாற்றத்தைச் சதவீதத்தில் சொல்லிக் கட்டுப்படியாகாது. எனவே ஆயிரத்தில் கணக்கு வைக்கிறார்கள். கடல்நீரின் சராசரியை ஒத்த ஒரு நியமத்தைச் சுழியம் என்று வைத்து, அதைவிட ஆக்ஸிஜன்-18 ஆயிரத்தில் 5 பங்கு குறைந்திருந்தால் −5 என்பார்கள். அந்த நியமம், சர்வதேச அணுசக்தி முகமை இருக்கும் வியன்னா நகரின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. முன்பெல்லாம் இதற்குப் பெரிய நிறை நிறமாலைமானி வேண்டும். இப்போது மேசைமேல் வைக்கும் லேசர் கருவியே ஆயிரத்தில் 0.1 வரை பிரித்துக் காட்டிவிடும்.

வெப்ப மண்டலக் கடலுக்கு மேலே இருக்கும் நீராவி ஏறத்தாழ −11 என்று கொள்வோம். அதிலிருந்து விழும் முதல் மழையில் கனமான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு இறங்கும். எனவே அந்த மழை −2 அளவில், கடல்நீருக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். ஆனால் அந்த மழை போக எஞ்சிய ஆவி இன்னும் இலேசாகிவிடுகிறது. அடுத்த மழை அதிலிருந்துதான் பெய்தாக வேண்டும். ஆவியில் பாதி கொட்டித் தீர்ந்த பிறகு பெய்யும் மழை −8 அருகில் வரும். முக்கால் பங்கு தீர்ந்தால் −15. இது வாலை வடிப்பைப் பற்றி ராலே பிரபு போட்ட கணக்கின் எளிய வடிவம். மேகத்தின் உள்ளே குளிர் கூடக்கூட எண்கள் மாறும், போக்கு மாறாது.

மாம்பழக் கூடையோடு தெருத் தெருவாகப் போகும் ஓர் அம்மாவை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாத் தெருவிலும் பெரிய பழத்துக்குத்தான் கை நீளும். ஏழாவது தெருவுக்கு அவர் வரும்போது கூடையில் பொடிப் பழங்களே மிஞ்சியிருக்கும். அங்கே வாங்கிய பழத்தைப் பார்த்து, முந்தைய தெருக்களில் எவ்வளவு விற்றிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஏழாவது தெருவில் எத்தனை பழம் விற்றது என்பதை அந்தப் பழத்தின் அளவு சொல்லாது. பருவமழை ஐசோடோப்பில் நடந்த குழப்பம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது.

குழப்பத்துக்கும் நியாயமான காரணம் உண்டு. இந்தத் துறை 1952 ஜூனில் கோபன்ஹேகனில் ஒரு வார இறுதி மழையில் தொடங்கியது. வில்லி டான்ஸ்கார்டு என்ற இளம் இயற்பியலாளர், மழை நிற்காமல் பெய்வதைக் கண்டு, வீட்டுப் புல்வெளியில் ஒரு காலி பீர் பாட்டிலை நிறுத்தி, வாயில் ஒரு புனலைச் சொருகினார். மழை நகர நகர நீரின் ஐசோடோப்பு மாறுகிறதா என்பதே அவர் கேள்வி. மாறியது. பின்னாளில் கிரீன்லாந்துப் பனிக்கட்டியிலிருந்து பழைய காலநிலையைப் படித்தெடுத்த பெரும்பணிக்கு அந்தப் பாட்டில்தான் பிள்ளையார் சுழி.

அடுத்த உந்துதல் கொஞ்சம் சங்கடமான இடத்திலிருந்து வந்தது. 1950களில் வல்லரசுகள் வெளிக்காற்றில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளால் மழையில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏறியது. அதைக் கண்காணிக்க, அணுசக்தி முகமையும் உலக வானிலை நிறுவனமும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் உலகெங்கும் மாதாமாதம் மழைநீர் திரட்டத் தொடங்கின. டெல்லியும் மும்பையும் அந்த வலைப்பின்னலின் ஆரம்ப கால நிலையங்கள். குண்டின் எச்சத்தைத் தேடிப் பிடித்த நீரில் நிலையான ஐசோடோப்புகளையும் அளந்து வைத்தார்கள். இன்று காலநிலை ஆய்வுக்கு அதுவே புதையல்.

அந்தத் தரவுகளைக் கோத்து 1964இல் டான்ஸ்கார்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். குளிர்நாடுகளில் ஐசோடோப்பு வெப்பநிலையோடு சேர்ந்து நடக்கிறது. வெப்ப மண்டலத்தில் அது மழையளவோடு எதிர்த்திசையில் நடக்கிறது, அதாவது மழை கூடிய மாதங்களில் நீர் இலேசாகிறது என்றார். இதற்கு ‘அளவு விளைவு’ என்று பெயர் நிலைத்தது. டெல்லியின் மாதக் கணக்கைப் பார்த்தாலும், ஜூன் மழையைவிட ஆகஸ்டு, செப்டம்பர் மழை இலேசு. பிறகென்ன? குகைக் கல்லிலும் மரவளையத்திலும் பதிந்திருக்கும் ஆக்ஸிஜனைப் படித்தால் பழங்கால மழையளவு கிடைத்துவிடும். மழைமானி கண்டுபிடிக்கப்படாத காலத்துக்கு ஒரு மழைமானி! இந்த ஆசையை யாரால் விட முடியும்?

ஆனால் இந்தியத் தீபகற்பத்திலும் வடகிழக்கிலும் இந்த மழைமானி ஒழுங்காக வேலை செய்யவில்லை. கேரளத்தில் ஏன் என்று பார்க்கலாம். ஆனி, ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று நேராக மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மேலெழும்பி, அதிகம் உயராத மேகங்களாகி, நாள் முழுக்கக் கொட்டுகிறது. மழை ஏராளம். ஆனால் அந்த ஈரம் கடலிலிருந்து நேற்றுத்தான் கிளம்பியது. வழியில் எங்கும் பெய்து இளைக்கவில்லை. முதல் தெருவிலேயே கூடை காலியாகிறது. ஆகவே பெருமழை பெய்தும் நீர் கனமாகவே இருக்கிறது. தென்கிழக்கு அரபிக்கடலின்மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் மேகத் திரள் ஒன்றாகக் கட்டி எழும் நாட்களில்தான், கேரளம் முழுவதும் ஒரே நேரத்தில் நீர் இலேசாகிறது. அன்றைக்கு ஓர் ஊரில் 5 மில்லிமீட்டர் பெய்தாலும் சரி, 100 பெய்தாலும் சரி.

பெருந்திரளுக்குள் என்ன நடக்கிறது என்பது சுவையான பகுதி. மேலிருந்து விழும் துளிகள் எல்லாம் தரைக்கு வந்து சேர்வதில்லை. வழியிலேயே ஒரு பகுதி மறுபடி ஆவியாகிறது. ஆவியாகும் அந்தப் பங்கு இலேசான மூலக்கூறுகளால் நிறைந்தது. மழையோடு சேர்ந்து இறங்கும் குளிர்ந்த காற்று அந்த இலேசான ஆவியைக் கடலையொட்டிய அடிக்காற்றில் கொண்டுவந்து கலக்கிறது. அடுத்த மேகம் அந்த அடிக்காற்றை உறிஞ்சித்தான் எழ வேண்டும். இப்படித் தன் மிச்சத்தையே தான் உண்டு வளரும் மேகக் கூட்டம், ஒவ்வொரு சுற்றிலும் நீரை இன்னும் இலேசாக்குகிறது. ஒற்றையாக எழுந்து அரை மணியில் கலையும் கோடை இடிமழைக்கு இந்தச் சுற்று வாய்ப்பதில்லை. 2004இல் ஏவப்பட்ட ஆரா என்ற நாசா செயற்கைக்கோள், டியூட்டீரியம் கலந்த நீராவியை வானிலிருந்தே அளந்தது. மேகங்களை ஒட்டி மழைத்துளிகளில் 20 சதவீதமும், சில இடங்களில் 50 சதவீதம்வரையும் தரையைத் தொடுமுன்பே ஆவியாகின்றன என்று 2007இல் அதன் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

கேரளத்துக்கு இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் இன்னொன்று என இரண்டு மழைகள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவதே பெருமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கோழிக்கோட்டில் இரண்டு பருவ நீரையும் ஒப்பிட்டவர்கள் தெளிவாகக் கண்டது இது: தென்மேற்கு மழை கனமானது, வடகிழக்கு மழை இலேசானது. கேரளத்தில் அதிகம் பெய்வது தென்மேற்குதான் என்பதை நினைவில் வையுங்கள். அளவு விளைவு உண்மையென்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

வடகிழக்கு மழை ஏன் இலேசு? ஒரு காரணம் வங்காள விரிகுடாவே. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் ஐராவதியும் பருவகாலம் முழுக்க அங்கே நன்னீரைக் கொட்டுகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருவது இமயத்தில் பெய்து இளைத்த நீர். கங்கை நீரை −7 என்று கொள்ளலாம். கடலின் மேல்மட்ட நீரில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றுநீர் கலந்தால், அந்த மேல்மட்டம் −1.4 ஆகிவிடும். அதிலிருந்து எழும் ஆவியும் அந்த அளவுக்கு இலேசாகும். வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது கடற்கரையோர நீரோட்டம் அந்த உப்புக் குறைந்த நீரைத் தெற்கே நம் கரையோரமாக இழுத்து வருகிறது. இது உண்மையான காரணம்தான், ஆனால் முழுக் காரணமாக நான் எண்ணவில்லை. இரு பருவங்களுக்கும் இடையே காணும் வேறுபாட்டுக்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு போதாது. மீதியை விளக்குவது காற்றழுத்தத் தாழ்வும் புயலும்தான். பலநாள் கடலில் சுழன்று, தன் ஈரத்தையே மறுபடி மறுபடி கொட்டி உறிஞ்சிக் கரைக்கு வரும் புயல் மழை, வெப்ப மண்டல மழைகளிலேயே மிக இலேசானது என்பது அமெரிக்கக் கரையைத் தாக்கிய சூறாவளிகளிலும் கண்ட உண்மை.

இந்த வேறுபாட்டால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. கிணற்று நீரை அளந்து, அது எந்தப் பருவம் ஊறவைத்த நீர் என்று கேட்கலாம். இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் தேஷ்பாண்டே முதலானோர் 2003இல் தென்னிந்தியாவின் ஆழமற்ற நிலத்தடி நீரைப் படித்து, இரட்டைப் பருவமழையின் தடத்தை அதில் காட்டினார்கள். கேரளத்துத் தேக்கு மரத்தின் ஒரே ஆண்டு வளையத்தை மெல்லிய சீவல்களாக்கி அளந்து, தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் தனித்தனியே படிக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. பழைய வடகிழக்குப் பருவத்தின் வரலாற்றைத் தேடுவோருக்கு இந்த வழி எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது. காரணம், மரவளையம் ஆண்டுக் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது.

மழைநீரில் இன்னொரு தடயமும் இருக்கிறது. 1961இல் ஹார்மன் கிரெய்க் உலகின் பல பகுதிகளிலிருந்து 400 மாதிரிகளை அளந்தார். ஆக்ஸிஜன் மதிப்பை 8ஆல் பெருக்கி 10ஐக் கூட்டினால் டியூட்டீரியம் மதிப்பு வருகிறது என்று கண்டார். துருவப் பனியிலும் வெப்ப மண்டல மழையிலும் ஏறத்தாழ இதே கோடு. 8 வருவதற்குக் காரணம், ஆவி நீராகும்போது டியூட்டீரியம் காட்டும் முந்தல் ஆக்ஸிஜன்-18ஐப்போல எட்டு மடங்கு. அந்த 10தான் சுவாரஸ்யம். கடலுக்கு மேலே காற்று ஈரத்தால் நிறைந்தே இருந்தால் அது சுழியமாகியிருக்கும். வறண்ட காற்றுக்குள் ஆவி ஊடுருவிப் போகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்துவதால் வரும் மிச்சம் அது. காற்று வறண்டிருந்தால் மிச்சம் கூடும். கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் 22 வரை போகிறது. நிலத்திலிருந்தும் ஏரியிலிருந்தும் மறுபடி ஆவியான நீர் கலந்தாலும் கூடும். மேகத்துக்குக் கீழே வறண்ட காற்றில் துளி ஆவியாகிக்கொண்டே விழுந்தால் மழைநீரில் குறையும். ஆக, ஆக்ஸிஜன் பயணத்தைச் சொன்னால், இந்த மிச்சம் கிளம்பிய இடத்தின் காற்றையும் வழியில் கலந்த ஈரத்தையும் சொல்கிறது. இதனால்தான் மாதிரி எடுப்பவர்கள் புனலுக்கடியில் உள்ள பாட்டிலில் திரவப் பாரஃபினை மெல்லிய ஏடாக மிதக்க விடுகிறார்கள். வெயிலில் ஒரு நாள் திறந்திருந்தால் போதும், மேகத்தின் கதைக்குப் பதில் பாட்டிலின் கதை பதிவாகிவிடும்.

இப்போது குகைக்கு வரலாம். சுண்ணாம்புப் பாறை வழியே கசியும் மழைநீர், குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்து கூம்பாக எழும்பும்போது தன் ஆக்ஸிஜனை ஏடு ஏடாகப் பதிக்கிறது. யுரேனியம்-தோரியம் முறையில் ஒவ்வோர் ஏட்டின் வயதையும் கண்டுபிடிக்கலாம். சீனாவின் நான்ஜிங் அருகிலுள்ள ஹூலு குகைக் கூம்புகளை 2001இல் படித்து வெளியிட்டபோது, கிரீன்லாந்துப் பனியில் கண்ட ஏற்ற இறக்கங்கள் அப்படியே அங்கும் இருந்தது பெரும் பரபரப்பானது. சீனத்தின் மழை ஏறி இறங்கியதாகவே பலரும் படித்தார்கள். பத்தாண்டுக்குப் பிறகு, வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகள் உருகிக் கடல் குளிர்ந்த ஒரு கட்டத்தைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தது பௌசாட்டா என்பவரின் ஆய்வுக் குழு. அதில் தெரிந்தது இது: இந்தியப் பருவமழை இளைக்கிறது; இந்தியாவில் குறைவாகப் பெய்ததால், சீனாவுக்குப் போய்ச் சேரும் ஆவி கனமாகவே போகிறது; நான்ஜிங் கல் அதைப் பதிக்கிறது. சீனக் குகையில் எழுதியிருந்தது பெருமளவுக்கு இந்திய மழையின் கதை!

மேகாலயத்தின் மாம்லூ குகை இன்னும் நமக்கு நெருக்கமான வழக்கு. சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குகையின் ஒரு கூம்பில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸிஜன் கனமானதாக மாறுகிறது. பருவமழை பலவீனமான நீண்ட வறட்சி என்று அதைப் படித்தார்கள். 2018இல் நிலவியலாளர்களின் சர்வதேச அமைப்பு அந்தக் கல்லையே அடையாளமாக வைத்து, அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு மேகாலய யுகம் என்று பெயரிட்டது. நாம் வாழும் யுகத்தின் எல்லைக்கல் ஒரு குகைச் சொட்டு. சிந்து நகரங்களின் தளர்ச்சியை இதோடு முடிச்சுப்போடும் கட்டுரைகள் குவிந்தன. அதே ஆண்டில், அதே குகையின் வேறொரு கூம்பை ஆண்டுக்காண்டு என்ற நுட்பத்தில் படித்தவர்கள், திடீரென விழுந்த ஒரே பெரும் வறட்சியைக் காணவில்லை. சில பத்தாண்டுகள் நீடித்த பல தளர்வுகளைத்தான் கண்டார்கள்.

இதில் என் சந்தேகம் கல்லின் வயதைப் பற்றியதல்ல. சிரபுஞ்சியில் மழை உச்சத்தில் இருப்பது ஜூன், ஜூலையில். நீர் மிக இலேசாவதோ பருவம் முடியும் செப்டம்பர், அக்டோபரில். அங்கே மழைநீரைத் தொடர்ந்து அளந்த ஆய்வு 2010இல் இதைக் காட்டி, ஆற்றுநீர் கலந்த வங்காள விரிகுடாவையும், ஈரம் கிளம்பும் இடம் மாறுவதையும் காரணமாகச் சொன்னது. அப்படியானால் பழங்கல்லில் ஆக்ஸிஜன் கனமானது, மழை குறைந்ததால் மட்டுமே இருக்க வேண்டியதில்லை; பருவம் சீக்கிரம் முடிந்திருந்தாலும், ஈரம் வேறு கடற்பரப்பிலிருந்து வந்திருந்தாலும் அதே பதிவுதான் கிடைக்கும். ஓர் ஊர் ஆண்டுக்கு 11 மீட்டருக்கு மேல் மழை பெறுகிறது. அதன் கல்லை வைத்து ஆயிரம் மைல் தள்ளிய ராஜஸ்தானத்தின் வயலில் என்ன விளைந்தது என்று சொல்வதில் கொஞ்சம் அடக்கம் தேவை.

மழையளவைச் சொல்லாத தடயத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். வருங்காலப் பருவமழையைக் கணிக்கும் கணினி மாதிரிகளைச் சோதிக்க இதைவிடக் கறாரான உரைகல் குறைவு. 1980களிலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீரின் ஐசோடோப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரியை உருவாக்கினார்கள். இன்று அத்தகைய மாதிரிகள் பல. ஒரு மாதிரி, கேரளத்தில் ஜூலை மழை இவ்வளவு என்று சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மழையைச் சிறு தூறல்களாகப் பகல்தோறும் பெய்யவைத்து மொத்தத்தை எட்டியதா, அல்லது கடல்மேல் திரளும் பெரும் மேகக் கூட்டங்களைச் சரியாக எழுப்பி எட்டியதா என்பது மொத்தத்தில் தெரியாது. மழைமானிக்கு இரண்டும் ஒன்று. ஐசோடோப்புக்கு அப்படியல்ல, முதல் வகை மாதிரியில் கேரளத்து நீர் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது, இரண்டாவதில் 9 இடங்களிலும் சேர்ந்தே ஏறி இறங்கும். இந்திய நீர்நிலைகளின் ஐசோடோப்பு அடையாளத்தைத் திரட்ட 2008இல் தொடங்கிய தேசியத் திட்டம், மழையோடு ஆறு, நிலத்தடி, கடல் நீரையும் சேர்த்து அளந்தது இந்த வகைச் சோதனைகளுக்கும் உதவுகிறது. மொத்த மழையைச் சரியாகச் சொல்லி, ஐசோடோப்பில் தவறும் மாதிரி, தவறான வழியில் சரியான விடைக்கு வந்திருக்கிறது. கடல் இன்னும் இரண்டு பாகை சூடேறும்போது அதே அதிர்ஷ்டம் அதற்குத் திரும்பக் கிடைக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.